சின்னம்மாவின் சிரிப்பும் ஒரு நீலக் குரங்கும்

ஒகேனக்கல்லில் மீன் வறுக்கிற கடை ஒன்றின் முன்னால் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. கடையின் தகரக் கூரைமேல் ஒரு பெட்டைக் குரங்கு வாழைப்பழத் தோலை வழித்துத் தின்றுகொண்டிருந்தது. பெரிய கடுவன் குரங்கு ஒன்று மரத்திலிருந்து இறங்கிக் கூரைமேல் நடந்து வந்தது. அவசரமில்லாத நடை. பெட்டை தோலைக் கீழே போட்டது, உடம்பைச் சுருக்கிக்கொண்டது. பிறகு உதட்டை இரண்டு பக்கமும் இழுத்து, மேல்பல் கீழ்ப்பல் எல்லாம் தெரிய, சத்தமே இல்லாமல் வாயைக் காட்டியது.

"அம்மா, அது சிரிக்குதும்மா" என்றாள் மகள்.

அவள் சொல்லி வாய் மூடவில்லை, கடுவனின் கை விழுந்தது. அந்தச் சிரிப்பின் மேலேயே விழுந்தது. பெட்டை அலறவில்லை. அடியை வாங்கிக்கொண்டு, முன்னைவிட அகலமாகப் பல்லைக் காட்டியது.

என் கையிலிருந்த இலை நழுவிற்று. மீன் மண்ணில் கிடந்தது. கடைக்காரர் வேறு துண்டு தருகிறேன் என்றார், கணவர் என்ன என்ன என்றார், காவிரி தன் பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது. நான் முப்பது வருஷத்துக்கு முந்தின ஒரு சாயங்காலத்தில், எங்கள் வீட்டு வாசலில், கையில் பொரிகடலையோடு நின்றுகொண்டிருந்தேன். என் எதிரே சின்னம்மா நின்றாள். அவள் பல்லெல்லாம் தெரிந்தது.

பாலக்கோட்டுக்கும் பென்னாகரத்துக்கும் நடுவே, மலை கால் நீட்டிப் படுத்திருக்கிற இடத்தில் எங்கள் ஊர். பாதி வீடுகளில் தமிழ், பாதி வீடுகளில் கன்னடம். நாங்கள் கோயிலுக்குப் போகிற வேதக்கார வீடு, மாதாவின் பிள்ளைகள். அப்பாவும் சித்தப்பாவும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில். அந்த வீட்டில் எனக்கென்று ஒரு பெருமை இருந்தது. எனக்கு வாயில்லா ஜீவன்களின் பாஷை தெரியும்.

எருமை காதைப் பின்னுக்கு மடித்தால் உதைக்கப் போகிறது. கோழி தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்த்தால் மேலே பருந்து. நாயின் வால் ஆடுவதிலும் இரண்டு உண்டு, இடுப்போடு சேர்ந்து ஆடினால் சோறு, வால் மட்டும் விறைத்து ஆடினால் கடி. இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. பார்த்துக்கொண்டே இருப்பேன், தெரிந்துவிடும். "பாப்பாவக் கேளு, கறவை நிக்குமான்னு" என்று அப்பாவே சொல்வார். எனக்குக் கழுத்து நீண்டுவிடும்.

இன்னொன்றும் தெரியும். அதை மட்டும் ரகசியமாக வைத்திருந்தேன். சின்னம்மா பாத்திரம் விளக்கிக்கொண்டிருப்பாள், அல்லது கேழ்வரகு புடைத்துக்கொண்டிருப்பாள். திடீரென்று அவளுடைய தோள்கள் இரண்டும் காதை நோக்கி ஒரு விரற்கடை ஏறும். கை நிற்காது, வேலை நிற்காது, தோள் மட்டும் ஏறும். உடனே நான் "சித்தப்பா வந்தாச்சு" என்று கத்துவேன். பத்து எண்ணுவதற்குள் புளியமரத் திருப்பத்தில் சைக்கிள் மணி கேட்கும். வீடே ஆச்சரியப்படும். "எப்படிடி கண்டுபுடிக்கிற, நாய் மாதிரி மோப்பம் புடிக்கிறயா?" என்று சித்தப்பா என்னைத் தூக்கிச் சுற்றுவார். எனக்குச் சின்னம்மாவின் தோள் ஒரு விளையாட்டுச் சாமான்.

சின்னம்மா சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சிரித்த முகம் என்றுதான் ஊரில் பேர். சித்தப்பா உள்ளே வந்தால் சிரிப்பாள், கூப்பிட்டால் சிரிப்பாள், குழம்பில் உப்புக் கூடிவிட்டதென்று அவர் தட்டைத் தள்ளினாலும் சிரிப்பாள். "இந்தப் புள்ளைக்குக் கோவமே வராதுங்க" என்று வருகிறவர்களிடம் அம்மா சொல்வாள். சொல்லும்போது அம்மா வேறெங்கோ பார்ப்பாள். அதை நான் கவனித்திருக்கிறேன். கவனித்து என்ன!

சித்தப்பாவை யாருக்குத்தான் பிடிக்காது? மனிதர்களின் நடையை எடுத்து நடந்து காட்டுவார். பங்குச்சாமியார் அங்கியைத் தூக்கிக்கொண்டு சேறு தாண்டுவது, பஸ் கண்டக்டர் கம்பியில் முதுகு சாய்ப்பது, எங்கள் அப்பா வரப்பில் நின்று தொண்டையைச் செருமுவது. ஆளே அங்கே நிற்பதுபோல் இருக்கும். கல்யாண வீடுகளில் அவரைச் சுற்றித்தான் கூட்டம். ஒருத்தரின் உடம்பை ஒருமுறை பார்த்தால் போதும் அவருக்கு, முழுக்கப் படித்துவிடுவார். அந்தப் படிப்பு அவரிடமிருந்துதான் எனக்கு வந்தது என்று நினைத்துப் பூரித்திருக்கிறேன்.

அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால், அம்மாவுக்குக் கம்பு குத்துகிற ஞாபகம் வரும். உலக்கையை எடுத்துத் தம் தம் என்று குத்துவாள். எங்கள் அம்மா அவ்வளவு சுறுசுறுப்பு.

அந்த வருஷம் கடலைக்காய் நன்றாகப் பிடித்திருந்தது. செடியைப் பிடுங்கினால் வேரெல்லாம் காய். அது குரங்குக்கும் தெரிந்துவிட்டது. மலையிலிருந்து இருபது முப்பது இறங்கி வரும். ஒன்று பாறைமேல் காவல் நிற்கும், மற்றவை வரிசையாக உட்கார்ந்து, கூலிக்கு ஆள் விட்டதுபோல் செடி செடியாகப் பிடுங்கும். தகரம் தட்டினோம், கவண்கல் விட்டோம். அந்தப் பக்கம் ஓடி இந்தப் பக்கம் வந்தன.

அடிக்க முடியாது. பக்கத்துக் காட்டுக்காரர் கன்னட வீட்டு ஆள். "அது தேவருங்க, மேல கை வெச்சா ஊரே நல்லாருக்காது" என்பார். தேவரு என்றால் அவர்கள் பாஷையில் சாமி. முந்தின வருஷம் ஒரு குரங்கு மின்சாரக் கம்பியில் அடிபட்டு எங்கள் காட்டில் விழுந்து செத்தது. ஊர் கூடிப் பச்சை ஓலையில் கிடத்தி, மஞ்சள் பூசி, மாலை போட்டு, கொட்டு முழக்கத்தோடு கொண்டுபோய்ப் புதைத்தார்கள். விழுந்தது எங்கள் நிலத்தில் என்பதால் கோடித்துணி எங்கள் அப்பாதான் போர்த்த வேண்டியிருந்தது. கழுத்தில் சிலுவை ஆட, தலைத்துண்டை எடுத்துவிட்டு அவர் குனிந்து துணி போர்த்தியதை, சித்தப்பா பிறகு ஒரு மாதம் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். ஆகவே எங்கள் வீட்டிலும் குரங்கைக் கொல்வதில்லை. அடுத்த வீட்டுத் தேவர்களிடம் நாங்கள் மரியாதையாக இருந்தோம்.

கொல்லாமல் துரத்த வழி சித்தப்பாதான் கண்டுபிடித்தார். எல்லைக்கு அந்தப் பக்கம் யாரோ லாரிக்காரர் சொன்னதாம். ஒரே ஒரு குரங்கைப் பிடித்து உடம்பெல்லாம் சாயம் அடித்து விட்டுவிட வேண்டும். அது தன் கூட்டத்தைத் தேடி ஓடும். கூட்டம் அதைக் கண்டு பேயென்று ஓடும். அது துரத்த, இவை ஓட, மலை தாண்டிப் போய்விடும். "ஒரு கல்லு வீச வேண்டியதில்ல. அதுங்களே அதுங்கள முடுக்கிக்கும்" என்றார். அப்பா தொண்டையைச் செருமினார். வேண்டாம் என்று அர்த்தம். ஆனால் அப்பா அதற்குமேல் எதற்கும் போகிறவர் இல்லை.

ஒகேனக்கல்லில் பரிசல் விடுகிற சிநேகிதரிடமிருந்து வீச்சுவலை வந்தது. சாயத்துக்கும் குறையில்லை. ஊர் எல்லையில் மாதாவுக்குக் குகைபோல் கல்லடுக்கிக் கெபி கட்டியிருந்தார்கள். அதிலிருந்த மாதா சிலைக்குச் சித்தப்பாதான் கைங்கரியமாக வர்ணம் அடித்துக் கொடுத்திருந்தார். மாதாவின் மேலங்கி நீலம். அதில் அரை டப்பா மிச்சம். "அந்த நீலமா?" என்றாள் அம்மா. சிலுவை போட்டுக்கொண்டாள். "மாதா கோச்சுக்க மாட்டாங்க அண்ணி, அவங்களுந்தான் கல்லக்கா தின்ன வேணாமா" என்றார் சித்தப்பா. அம்மாவே சிரித்துவிட்டாள்.

காட்டுக் காவல் பரண்மேல் ஒளிந்திருந்து அவர் வலை வீசியது எனக்கு ஒரு பூ விரிந்ததுபோல்தான் இருந்தது. மற்றவை சிதறிவிட்டன. வலைக்குள் ஒன்று சிக்கியது, ஒரு தாய். அதனுடைய குட்டி, இன்னும் முழுக்கப் பால் மறக்காதது, பாறை வரைக்கும் ஓடி, அங்கிருந்து திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றது.

சாக்கைப் போட்டு அமுக்கி, கைகால்களைத் துணியால் கட்டி, எங்கள் வாசலுக்குத் தூக்கி வந்தார்கள். பாதி ஊர் கூடிவிட்டது. டப்பாவை நான் பிடித்துக்கொண்டேன். குச்சியால் அடி கலக்கினேன். நீலம் கெட்டியாக, பளபளவென்று, தேன்போல் சுழன்றது. கேட்டு வாங்கிக்கொண்ட வேலை அது. நினைத்தால் இப்போதும் என் விரல்கள் குறுகுறுக்கின்றன.

முதல் பூச்சு முகத்தில். தூரிகை கிட்டே போனதும் அந்தக் குரங்கு உடம்பைச் சுருக்கிற்று. உதட்டை இழுத்தது. பல்லெல்லாம் காட்டியது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. "பாரு பாரு, எளிக்குது. கல்யாணப் பொண்ணுக்குச் சந்தனம் பூசற மாதிரி சந்தோசத்தப் பாரு" என்றார் சித்தப்பா. அவரும் அதேபோல் உதட்டை இழுத்துப் பல்லைக் காட்டினார். மறுபடி சிரிப்பு. நானும் சிரித்தேன், வயிறு வலிக்கச் சிரித்தேன்.

சின்னம்மா நிலைப்படியில் நின்றிருந்தாள். சித்தப்பா திரும்பி, "எப்பிடி இருக்கு, உன் அக்கா மாதிரி இருக்குதில்ல?" என்றார். சின்னம்மா சிரித்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

அவிழ்த்து விட்டதும் அது மனிதர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேராகப் பாறையை நோக்கி ஓடியது. காவல் குரங்குதான் முதலில் பார்த்தது. அது போட்ட சத்தம் மாதிரி ஒரு சத்தம் அதற்குமுன் நான் கேட்டதில்லை. மலையே கத்துவதுபோல் அத்தனையும் கத்தின. மரத்திலிருந்து மரத்துக்கு, பாறையிலிருந்து பாறைக்கு, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஓடின. நீலம் அவற்றின் பின்னால் ஓடியது. குட்டியிடம் போய்விட்டது. ஒரு கை தூரம். குட்டி அந்த நீல முகத்தை ஒருமுறை பார்த்தது. அது கத்திய கத்தலில் என் கையிலிருந்த குச்சி விழுந்தது. அதன் கால்வழியே மூத்திரம் ஓடியது பாறையில் கறுப்பாகத் தெரிந்தது. இன்னொரு பெட்டை வந்து குட்டியை வாரி வயிற்றில் போட்டுக்கொண்டு பறந்தது.

கீழே எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். ஆனால் என் உள்ளங்கைகள் ஒன்றையொன்று சரியாகச் சந்திக்கவில்லை.

குரங்கு வரவில்லை. கடலைக்காய் பிழைத்தது. சித்தப்பாவைக் கூப்பிட்டு அடுத்த ஊரில் டீ வாங்கிக்கொடுத்தார்கள். இன்னும் எட்டு பத்து நாளில் செடி பிடுங்கலாம் என்று அப்பா சொன்னார். ஆனால் மூன்றாம் நாள் அந்த நீலம் மட்டும் திரும்பி வந்தது. எங்கள் வீட்டுக் கொல்லையில், வாசலிலிருந்து பார்த்தாலே தெரிகிற புங்கமரம் ஒன்று இருந்தது, அதில் வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்குப் போக்கிடம் வேறு இல்லை.

பசித்த உடம்பு. மயிர் சாயத்தில் திரிதிரியாக ஒட்டி, முதுகு பிளந்த பனங்காய்போல் இருந்தது. யார் போனாலும் உதட்டை மொச்சு மொச்சென்று அடிக்கும். பிறகு திரும்பி நின்று பின்பக்கத்தைக் காட்டும். அதைப் பார்த்துப் பையன்கள் கெட்ட வார்த்தை சொல்லிக் கல்லெறிந்தார்கள். எறிந்தால் பல்லைக் காட்டும். எறிந்தவனைப் பார்த்துச் சிரிக்கிற குரங்கை அவர்கள் கண்டதில்லை, இன்னும் எறிந்தார்கள்.

நான் எறியவில்லை. எதிரே உட்கார்ந்து அதன் கண்ணையே பார்த்து, என் பல்லையும் காட்டிச் சிரிப்பேன். சிநேகம் செய்கிறேன் என்று எண்ணம். நான் சிரிக்கச் சிரிக்க அது பின்னால் பின்னால் போய்க் கிளையின் நுனியில் நடுங்கிக்கொண்டு நிற்கும். எருமையின் காது தெரிந்தவள், கோழியின் கண் தெரிந்தவள். எனக்கு இது விளங்கவில்லை.

குட்டி போய்விடவில்லை. கூட்டம் மலைக்குள் ஏறிவிட்டாலும் அதுவும் அதைத் தூக்கிய பெட்டையும் பாறைப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தன. வெயில் தாழ்ந்தால் தாய் புங்கமரத்திலிருந்து கூவும், ஊ என்று மெல்ல. பாறையிலிருந்து குட்டி பதிலுக்குக் கூவும். கூவிக்கொண்டே வேலிவரை வரும். வந்து பார்க்கும். பார்த்ததும் அலறிக்கொண்டு ஓடும். குரல் அம்மாவுடையது, முகம் யாருடையதோ. தினமும் இது நடந்தது. தினமும் சின்னம்மா கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டு நின்றாள். ஒரே துணியை உதறி உதறிப் போட்டாள்.

பாலக்கோட்டுச் சந்தை நாள். அப்பாவும் சித்தப்பாவும் வண்டி கட்டிக்கொண்டு போயிருந்தார்கள், அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். எனக்குக் காய்ச்சல் விட்ட மறுநாள், பள்ளிக்கூடம் இல்லை. உச்சி வெயில். சின்னம்மா மூன்று களி உருண்டைகளை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். "சத்தம் போடாம வா கண்ணு" என்றாள்.

அவள் மரத்தைப் பார்க்கவே இல்லை. மரத்துக்கு முதுகைப் பாதி காட்டி, பக்கவாட்டில், தரையோடு தரையாகக் குந்தினாள். தலையைத் தாழ்த்திக்கொண்டாள். தோளைத் தாழ்த்திக்கொண்டாள். உதட்டை மெல்ல மொச்சு மொச்சென்று அடித்தாள். ஓர் உருண்டையைத் தன் பக்கத்தில் வைத்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது, என் கால் மரத்துவிட்டது. நீலம் இறங்கி வந்தது. ஒரு கையால் களியை எடுத்தது. அவளை விட்டு ஓடவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து தின்றது.

 வாயில்லா ஜீவன்களின் பாஷை தெரிந்தவள் நானல்லவா. இவள் எங்கே கற்றாள்?

"சின்னம்மா, ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

அவள் திரும்பாமலே, காற்றில் கலக்கிற குரலில் சொன்னாள். "கண்ணப் பாக்காம இருந்தா அடிக்காது. கீழ உக்காந்துக்கோணும். இதெல்லாம் ஒருத்தர் சொல்லித்தரணுமா கண்ணு."

குரங்கைப் பற்றித்தான் சொல்கிறாள் என்று நான் தலையாட்டினேன்.

இன்னும் ஓர் உருண்டை கோழிக்கூண்டின் வாசலில். இன்னும் ஒன்று உள்ளே. அடைத்ததும் அது ஆர்ப்பாட்டம் செய்தது. பழைய சாக்கைப் போட்டுச் சுற்றி எடுத்தாள். மணிக்கட்டில் கடி விழுந்தது. ரத்தம் வந்தது. அவள் உஸ் என்றுகூடச் சொல்லவில்லை. வலியை உள்ளே தள்ளிப் பூட்டுகிற அந்த வேகத்தைப் பார்த்து, சின்னம்மாவுக்கு வலிக்காத உடம்பு என்று முடிவு செய்தேன்.

என்னை விளக்கெண்ணெய் கொண்டுவரச் சொன்னாள். பஞ்சில் தொட்டு முகத்தில் தடவினாள், ஊறவிட்டாள், நகத்தால் மெல்ல மெல்ல உரித்தாள். நெற்றி வந்தது. கண்ணைச் சுற்றிய வெளிர்ந்த தோல் வந்தது. உதடு வந்தது. சாக்குக்குள் நடுங்கிக்கொண்டிருந்த ஒரு நீலப் பொருள் கொஞ்சம் கொஞ்சமாக ஒருத்தியாக ஆனது. மார்பிலும் வயிற்றிலும் மயிரைக் கத்தரியால் வெட்டிவிட்டாள். முதுகை விட்டுவிட்டாள்.

"மூஞ்சி தெரிஞ்சாப் போதும். வயிறு தெரிஞ்சாப் போதும்" என்றாள். "கொழந்தைக்கு அது ரெண்டுந்தானே வேணும்."

"குரங்கு திரும்பி வந்தா கல்லக்கா போயிருமே சின்னம்மா."

"போனாப் போகுது."

அவ்வளவு பெரிய வார்த்தையை எங்கள் வீட்டில் அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

சாக்கை அவிழ்த்துவிட்டாள். அது புங்கமரத்தின் அடியில் நின்று தன் கைகளை முகர்ந்தது. பிறகு கூவியது. பாறையிலிருந்து பதில் வந்தது. குட்டி வேலிக்கு வந்தது. நான் காதைப் பொத்திக்கொண்டேன், அலறப்போகிறது என்று.

அலறவில்லை. கழுத்தை நீட்டிற்று. ஓர் அடி, நின்றது. ஓர் அடி, நின்றது. தாய் அசையவில்லை, பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து உதட்டை மட்டும் அடித்தது. குட்டி எட்டி வந்து தாயின் கீழுதட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தது. முகர்ந்தது. விளக்கெண்ணெய் நாற்றத்துக்குத் தும்மிற்று. அப்புறம் வயிற்றுக்குள் போய்விட்டது. தலைகீழாக, அவசர அவசரமாக, வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொள்கிறவர்களைப்போல.

சின்னம்மா தரையில் உட்கார்ந்தபடி அழுதாள். தோள் குலுங்கி, வாய் கோணி, மூக்கு ஒழுகி, சத்தத்தோடு அழுதாள். நான் பயந்துவிட்டேன். எப்போதும் சிரிக்கிறவள் குரங்கு சேர்ந்ததற்குப்போய் அழுகிறாளே.

முகத்தைத் துடைத்துக்கொண்டு என் கன்னத்தை எண்ணெய்க் கையால் பிடித்தாள். "யார்கிட்டயும் சொல்லிராத கண்ணு. என் தங்கமில்ல? மாதா மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். மனசாரப் பண்ணினேன். என் ஜென்மத்தில் அவ்வளவு உறுதியாக ஒரு சத்தியத்தைக் காப்பாற்றியதில்லை என்றும் சொல்வேன். அதுதான் கொடுமை.

சாயங்காலம் வண்டி வந்தது. அம்மாவும் வந்துவிட்டிருந்தாள். சித்தப்பா சந்தையிலிருந்து எனக்குப் பொரிகடலை வாங்கி வந்திருந்தார். அதை என் இரண்டு கையிலும் கொட்டிவிட்டு நிமிர்ந்தவர் புங்கமரத்தைப் பார்த்தார். முதுகு நீலமாக ஒரு தாய், அதன் மடியில் ஒரு குட்டி. தாய் அவரைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. அந்த முகம் சுத்தமாக இருந்தது. பாறைமேல் மறுபடி ஒரு காவல் குரங்கு வந்து உட்கார்ந்திருந்தது.

அவர் சத்தம் போடவில்லை. சிரித்துக்கொண்டே என் முன்னால் குந்தினார். என் உயரத்துக்கு வந்து, என் மூக்கைத் தொட்டார்.

"மோப்ப நாயி, சொல்லு பாக்கலாம். கொரங்குக்கு மூஞ்சி கழுவி உட்டது யாரு?"

அப்பா மாட்டை அவிழ்க்கிறேன் என்று அந்தப் பக்கம் போனார். போய்த் தொண்டையைச் செருமினார். அம்மா கதவோரம் நின்றாள். சின்னம்மா நிலைப்படியில் இருந்தாள், கைகளை முந்தானைக்குள் விட்டுக்கொண்டு.

நான் வாயைத் திறக்கவில்லை. உதட்டைப் பல்லால் கடித்து இறுக்கி வைத்துக்கொண்டேன். மாதா மேல் சத்தியம். தெரியாது என்றுகூடச் சொல்லவில்லை, அது பொய்யாகிவிடும். என் வெற்றி எனக்கே இனித்தது. சித்தப்பா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார், ஒரு கல்யாண வீட்டில் யாருடைய நடையையோ மனசில் எழுதிக்கொள்வதுபோல.

என் கண் திரும்பியது. நான் திருப்பவில்லை, அது திரும்பியது. சின்னம்மாவின் முகத்துக்கு அல்ல, முந்தானைக்குள் ஒளிந்திருந்த கைக்கு. ஒரு நொடி. ஒரு கோழி வானத்தைப் பார்க்கிற நேரம்.

"கெட்டிக்காரி" என்றார் சித்தப்பா. என் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு எழுந்தார். அவசரமில்லாமல் நடந்தார்.

அறைக் கதவு சாத்தியதும் அம்மா உலக்கையை எடுத்தாள். தம் தம் என்று குத்தினாள். அன்றைக்கு வெகுநேரம் குத்தினாள். நான் பொரிகடலையைத் தின்றுகொண்டே போய் எட்டிப் பார்த்தேன். உரலில் ஒன்றும் இல்லை. வெறும் உரல். "அம்மா, கம்பு போடல" என்றேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை, குத்திக்கொண்டே இருந்தாள். அவளுடைய மறதியை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது.

காலையில் சின்னம்மாவின் வாய் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. கிணற்றுப் படியில் வழுக்கிவிட்டதென்று அம்மா எல்லாரிடமும் சொன்னாள். வலது கை தூளியில் தொங்கியது. இடது கையால் எனக்குத் தலை பின்னிவிட முயன்றாள், முடியவில்லை. அவளுடைய நகக்கண்களில் மாதாவின் நீலம் இன்னும் இருந்தது. இரண்டு நாள் கழித்து அவளுடைய அண்ணன் வந்து பஸ்ஸில் கூட்டிப்போனார். திரும்பி வரவில்லை. ஏன் வரவில்லை என்று நான் கேட்டதற்கு, அவளுக்கு நம் ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். கடலைக்காய் பாதிதான் வீடு வந்தது. சித்தப்பா அடுத்த கல்யாணத்தில் நீலக் குரங்கை நடித்துக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். சத்தியத்தைக் காத்தவள் என்ற நிம்மதியோடு நானும் சிரித்தேன்.

மீன் கடை முன்னால் மகள் என் கையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். கூரைமேல் பெட்டை இன்னும் பல்லைக் காட்டிக்கொண்டுதான் இருந்தது. எனக்கு அந்தச் சாயங்காலத்தின் ஒரே ஒரு கணம் மட்டும் நகராமல் நின்றது. என் கண் திரும்பிய பிறகு, கதவு சாத்துவதற்கு முன், சித்தப்பா நிலைப்படியை நோக்கி நடந்துகொண்டிருந்த அந்த நாலு அடி.

சின்னம்மா உடம்பைச் சுருக்கிக்கொண்டாள். அவரைத் தாண்டி என்னைப் பார்த்தாள். உதட்டை இரண்டு பக்கமும் இழுத்துப் பல்லெல்லாம் தெரியக் காட்டினாள்.

என்மேல் அவளுக்குக் கோபமில்லை போலிருக்கிறது என்று நினைத்து, நானும் வாய்நிறையச் சிரித்தேன்.